கூடுதல் மூச்சு

ஜூன் 9

என்னவருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறு மட்டும் இன்னும் நம் வீட்டிலேயே இருக்கிறது; இங்கே கிடைப்பதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. உங்கள் உடம்பு எப்படி, உங்கள் அக்காவின் முழங்கால் வலி எப்படி என்பதை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்குக் கொடுத்திருக்கும் அறை ஒரு சலவைக்கடைக்கு மேலே, நாலாவது மாடியில். பகலெல்லாம் கீழே இயந்திரங்கள் ஓடுவதால் மேஜையில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்குப் போய்விடுகிறது. லிஃப்ட் கிடையாது. படி ஏறும்போதெல்லாம் உங்கள் நினைவு வருகிறது என்று எழுதினால், "மூச்சு வாங்கறப்போ மட்டும் புருஷன் ஞாபகம் வருதாக்கும்" என்பீர்கள். எழுதவில்லை, போங்கள்.

ஆய்வுக்கூடம் தரைமட்டத்துக்குக் கீழே, வெயிலே நுழையாத ஒரு நீண்ட அறை. அங்கே முயல்களை மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறோம். அவற்றுக்குப் பதிலாக ஓர் இயந்திரம் மூச்சு விடுகிறது. மண்டையோட்டில் நகத்தளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் பதித்து, மைக்ரோஸ்கோப் வழியாக மூளையின் மேலே ஓடும் ரத்தக்குழாய்களைப் பார்க்கிறோம். நாம் மூச்சில் வெளியே விடும் கரியமில வாயு வெறும் கழிவு என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நேற்று அதைக் கொஞ்சம் எடுத்து முயலுக்குப் போகும் காற்றில் கலந்தேன். கண்ணெதிரே அந்தக் குழாய்கள் விரிந்தன. ரத்தம் பெருகி ஓடியது. வாயை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனையோ நாய்க்கும் கன்றுக்குட்டிக்கும் மயக்க மருந்து கொடுத்தவள் நான். அறுவை நல்லபடியாக முடிந்தும் சில பிராணிகள் தெளிவில்லாமல் எழுந்திருக்கும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்விதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே வருஷம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று வழியனுப்பும்போது சொன்னீர்கள். வந்ததிலிருந்து பல தடவை கண்ணை மூடித் திறந்து பார்த்துவிட்டேன்.

வீட்டு விஷயம் ஒன்று விடாமல் எழுதுங்கள். அக்காவுக்கு என் வணக்கம்.

உங்கள்
மாட்டு டாக்டர்


ஜூலை 2

மாட்டு டாக்டராக இருந்து முயல் டாக்டராகப் பதவி உயர்ந்தவளுக்கு,

நானும் அக்காவும் குறைவில்லாமல் இருக்கிறோம். அக்காவின் முழங்கால் மழை வருவதற்கு முந்தின நாள் மட்டும் வலிக்கிறது. மற்ற நாளில் என்னைத் திட்டுவதற்கு எழுந்து வரும் அளவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. உன் வயிற்றை எப்படியாவது சமாதானம் செய்து சாப்பிடு. இளைத்துப்போய் வந்தால் அக்கா என்னைத்தான் கேட்பாள்.

ஒரு தமாஷ் கேள். அக்கா டைப் அடிக்கும் கோர்ட்டில் போன வாரம் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே இரண்டு வக்கீல்கள், ஒரே வழக்கில் எதிரெதிர்க் கட்சி. நான் கயிற்றைச் சரிசெய்து இறக்கி முடிப்பதற்குள் இரண்டு பேரும் பேசி வழக்கையே சமாதானமாக முடித்துவிட்டார்கள். "இனிமே எல்லா கேஸையும் லிஃப்டுக்குள்ளேயே நடத்தலாம்டா, எனக்கும் டைப் அடிக்கற வேலை மிச்சம்" என்கிறாள் அக்கா. உன்னையும் அப்படி ஒரு லிஃப்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தவன்தானே நான். அன்றைக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தால் நீ தப்பித்திருப்பாய்.

உன் முயல் விஷயம் படித்தேன். தலையில் ஜன்னல் என்றதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு வலிக்காதே? தூங்கி எழுந்ததும் என்ன கொடுப்பீர்கள்? கேரட்டா?

இங்கே எந்தக் குறையும் இல்லை. நீ எங்களை நினைத்துக் கவலைப்படாதே.

உன்
லிஃப்ட்காரன்


ஜூலை 27

என்னவருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என்னையறியாமல் சிரித்துக்கொண்டே வேலை செய்தேனாம், ஆய்வுக்கூடத்தில் முயல்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா, "ஊர்லேருந்து லெட்டரா?" என்று கேட்டார். காய்ச்சல், சளி எதுவும் இல்லாமல் இருக்கிறேன். அக்காவுக்கு முழங்காலில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் முயல் நிறைய மூச்சு விடும். நிறையக் காற்று போனால் மூளைக்கு நல்லதுதானே என்று தோன்றும். நானும் நம் ஊர் மாட்டாஸ்பத்திரியில் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடப்பது தலைகீழாக இருக்கிறது. வேகமாக மூச்சு விட விட, உடம்பிலிருக்கும் கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. அது குறைந்தவுடன் மூளையின் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. நெஞ்சு நிறையக் காற்று இருக்கும். தலைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். இதிலும் எந்த மயக்க மருந்து என்பதைப் பொறுத்து வித்தியாசம் வருகிறது. ஒரு மருந்தில் தூங்கும் முயலின் குழாய்கள் வாயு சொன்னபடி கேட்கின்றன. இன்னொரு மருந்தில் அவை ஏற்கெனவே தளர்ந்து கிடப்பதால் அவ்வளவாகக் கேட்பதில்லை. எது எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

வலிக்குமா என்று கேட்டீர்கள். வலிக்காது. அதற்கு நான் பொறுப்பு. அது மட்டும் நிச்சயம்.

சாயங்காலம் சலவைக்கடை மூடியதும் தரை அதிர்வது நின்றுவிடும். அப்போதுதான் அறை வெறிச்சென்று இருக்கிறது. நான் இல்லாதது அங்கே தெரிகிறதா? சும்மா கேட்டேன்.

உங்கள்
முயல் டாக்டர்


ஆகஸ்ட் 24

அன்பான டாக்டரம்மாவுக்கு,

இரண்டு பேரும் சுகம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்தும் கோணலாக இருக்கும், பேனா சரியில்லை.

நீ இல்லாதது தெரியாமல் இருக்குமா? துணி மடிக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. அக்கா மேற்பார்வை. நான் மடித்ததை அவள் பிரித்து மறுபடி மடிக்கிறாள். அதற்கு முதலிலேயே அவளே மடித்திருக்கலாம், கேட்டால் சண்டை.

எங்கள் லிஃப்ட் டிப்போவில் என்னை இப்போது ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு மாறுதலுக்குத்தான். நட்டும் போல்ட்டும் எண்ணி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏணி ஏற வேண்டாம், எண்ணெயில் குளிக்க வேண்டாம். சட்டை வெள்ளையாகவே வீட்டுக்கு வருகிறது.

நீ எதற்கும் அவசரப்படாதே. எத்தனை நாள் ஆனாலும் நிதானமாக, நினைத்ததை எல்லாம் முடித்துவிட்டு வா. இங்கே நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

முயல் எழுந்ததும் என்ன சாப்பிடும் என்று கேட்டிருந்தேன். நீ மறந்துவிட்டாய்.

உன்
லிஃப்ட்காரன்


அக்டோபர் 4

என்னவருக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன். இந்தத் தடவை தாமதம் என்னுடையது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நான் மறக்கவில்லை. முயல்கள் எழுந்திருப்பதில்லை. அளவெல்லாம் எடுத்து முடித்ததும், தூக்கத்திலிருக்கும்போதே மருந்தைக் கூட்டிவிடுவோம். அப்படியே போய்விடும். தலையில் ஜன்னல் வைத்த பிராணியை எழுப்பினால் அதுதான் கொடுமை. இது எனக்கு வருவதற்கு முன்பே தெரியும். நம் வீட்டு வாசலில் அடிபட்டுக் கிடந்த பூனைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் லீவு போட்டவர் நீங்கள். உங்களிடம் எப்படிச் சொல்வேன்?

முயல்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு வாய் பெரிது, மனசும் பெரிது. காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி என்னிடம் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் அதன் காதைத் தடவிவிடுவார். போன வாரம் ஒன்று அவர் கையை விட்டு வரமாட்டேன் என்று சட்டையில் நகத்தைப் பதித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்து, "இதை இன்னிக்கு விட்டுடேன், வேற எடுத்துக்கோ" என்றார். நான், "வேற ஒண்ணுன்னா அதுவும் இதே மாதிரிதானே?" என்றேன். அவர் சட்டையிலிருந்து அதன் நகங்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் கிடைத்த அளவுகள்தான் இதுவரை வந்ததிலேயே சுத்தமானவை. ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் கை குலுக்கினார். எனக்குக் கை கழுவப் போக வேண்டும்போல் இருந்தது.

பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டும் பேசினார். வேலை விஷயம்தான், விசேஷமாக ஒன்றுமில்லை.

ஸ்டோர் வேலை பிடித்திருக்கிறதா? நிலத்தில் நிற்பது உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

உங்கள்
மாட்டு டாக்டர்


அக்டோபர் 25

தம்பி பெண்டாட்டிக்கு,

முழங்காலைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் மதிய இடைவேளையில் டைப் அடிக்கிறேன். வீட்டில் எழுதினால் அவன் பார்த்துவிடுவான். "அவளுக்கு ஒரு வரி எழுதினே, அப்புறம் நான் உன் தம்பியே இல்லே" என்று சொல்லியிருக்கிறான். தம்பியாக இல்லாமல் போனாலும் பரவாயில்லை, ஆளாக இருந்தால் போதும். சாட்சிகள் சொல்வதை அடித்து அடித்துப் பழகியவள், அதனால் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஜூலை கடைசியில் ஏணியில் நிற்கும்போது அவனுக்குத் தலை சுற்றியிருக்கிறது. கூட இருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தான். அதனால்தான் ஸ்டோர். மாறுதலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அதற்கப்புறம் வீட்டிலும் வருகிறது. சும்மா உட்கார்ந்திருப்பான். திடீரென்று "தலை காலியான மாதிரி இருக்குக்கா" என்பான். உதடு மரத்துப்போகிறது என்கிறான். விரல்கள் இழுத்துக்கொண்டு கோணிக்கொள்கின்றன. கையெழுத்தைப் பார்த்திருப்பாயே. நெஞ்சு அடைக்கிறது, காற்று போதவில்லை என்று ஜன்னலைத் திறப்பான். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். தலையைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எதிலும் ஒன்றும் தெரியவில்லை. தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. மூளையில் கட்டியாக இருக்கும், படத்தில் சில சமயம் தெரியாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நான் அவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அவர்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ. நீ போனதிலிருந்து அவன் பெருமூச்சு விடுகிறான். பேசும்போது நடுவே, பேப்பர் படிக்கும்போது நடுவே. எனக்கே எரிச்சல் வந்து, "ஏண்டா, வீட்டுக்குள்ளே இருக்கற காத்தெல்லாம் உனக்கே வேணுமா?" என்று கேட்டிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

உன் நாத்தனார்


நவம்பர் 12

என்னவருக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்பீர்கள். அக்கா எழுதிவிட்டார். அவரைத் திட்டினால் நான் உங்களோடு பேச மாட்டேன்.

கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் நின்றபடியே பிரித்தேன். முயல்கார அம்மாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பாதி படிக்கும்வரை நானும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிதான் நினைத்தேன். பெருமூச்சு என்ற இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். உதடு மரப்பது, விரல் இழுப்பது, தலை காலியாவது, காற்று போதாத மாதிரி இருப்பது. உங்களுக்குக் காற்று போதாமல் இல்லை. தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள். ஒவ்வொரு பெருமூச்சிலும் கரியமில வாயு வெளியே போகிறது, அது குறையக் குறைய மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. பயந்து இன்னும் ஆழமாக மூச்சு இழுக்கிறீர்கள், இன்னும் சுற்றுகிறது. நான் தினமும் இயந்திரத்தின் திருகை முடுக்கி ஒரு முயலுக்குச் செய்வதை, நீங்கள் எந்த இயந்திரமும் இல்லாமல் உங்களுக்கே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் மனுஷ டாக்டர் இல்லை. அதனால் நான் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது அவர் சொல்கிறபடி கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். அதே சுற்றல், அதே மரப்பு வந்தால் விஷயம் பிடிபட்டுவிடும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். நீங்களாக அதைச் செய்ய வேண்டாம். மூச்சை மெதுவாக்கப் பழக்குவது எப்படி என்று டாக்டரே சொல்லித் தருவார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். எதற்காக அவ்வளவு பெருமூச்சு? முயலுக்கு நான் இருக்கிறேன் திருகைத் திருப்ப. உங்களுக்கு யார் திருப்புகிறார்கள்?

பதிலை உடனே போடுங்கள்.

உங்கள்
மனைவி


டிசம்பர் 6

என் டாக்டரம்மாவுக்கு,

உண்மையிலேயே சுகம். இந்தத் தடவை பொய்யில்லை, அக்காவிடம் வேண்டுமானால் சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "உங்க வீட்டம்மா எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். "மாட்டாஸ்பத்திரிங்க" என்றேன். சிரித்துவிட்டு, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, நாய் இரைக்கிற மாதிரி மூச்சு விடச் சொன்னார். கொஞ்ச நேரம்தான். உதடு மரத்தது, விரல் கோணியது, அறை சுழன்றது. அக்கா, "போதும் டாக்டர், விடுங்க, விடுங்க" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் மெதுவாக விடச் சொன்னார். எல்லாம் தானாக அடங்கியது. "கட்டி கிட்டி எதுவும் இல்லே. மனசுல என்ன வெச்சிருக்கீங்க?" என்றார்.

அதுதான் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டியாகவே இருந்திருக்கலாம், நாலு பேரிடம் சொல்ல மரியாதையாக இருந்திருக்கும். நாற்பது வயசு ஆள், பெண்டாட்டி ஊரில் இல்லை என்று ஏங்கித் தலைசுற்றி விழுந்தான் என்றால் டிப்போவில் என்ன சொல்வார்கள்?

எழுத வராத விஷயம் இது. இருந்தாலும் எழுதுகிறேன். நீ போன மறுநாள் குளியலறையில் உன் சீப்பு இருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாய். அதை அலமாரியில் வைத்தேன், மறுபடி எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். அக்கா பேசிக்கொண்டே இருப்பாள், நான் தலையாட்டிக்கொண்டே இருப்பேன், உள்ளே ஒன்றும் இறங்காது. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் நீ உள்ளே நிற்பாய் என்று ஒரு கணம் தோன்றும். உன் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உன்னை அனுப்பினேன். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் நிதானமாக வா, நிதானமாக வா என்று எழுதினேன். எழுதி உறையை ஒட்டியதும் வரும் மூச்சுத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

இனி அப்படி எழுதமாட்டேன். ஜூன் எப்போது வரும் என்று இருக்கிறது. வந்துவிடு. முடிந்தால் அதற்கும் முன்பே வந்துவிடு.

உன்
லிஃப்ட்காரன்


ஜனவரி 15

என் உயிருக்கு,

அப்படி எழுதிப் பழக்கமில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். உங்கள் தலைசுற்றல் முழுக்க விட்டதா? அக்கா எப்படி இருக்கிறார்? எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஏழெட்டுத் தடவை கிழித்துவிட்டேன்.

பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார் என்று எழுதினேனே, விசேஷமில்லை என்றும் எழுதினேன். இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று கேட்டார். கேட்ட அன்றைக்கு என் பையில் உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதம் இருந்தது. எத்தனை நாள் ஆனாலும் நிதானமாக வா என்று எழுதியிருந்தீர்கள். நான் இல்லாதது தெரிகிறதா என்று கேட்டதற்குத் துணி மடிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நான் இல்லாமல் இவருக்கு நன்றாகத்தான் ஓடுகிறது, நான் மட்டும் ஏன் தினமும் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை வா என்று எழுதியிருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

உங்கள் டிசம்பர் கடிதம் வந்த அன்றே பேராசிரியரிடம் போய், என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "போகலாம். ஆனா ரெண்டாவது மருந்துல பாதிதான் ஆகியிருக்கு. வேற ஒருத்தர் கைல கொடுத்தா முதல்லேருந்து தொடங்கணும்" என்றார். முதலிலிருந்து என்றால் இன்னும் அத்தனை முயல்கள். இதுவரை போனவை எதற்காகப் போயின என்று கேட்டால் பதில் இருக்காது. வெளியே வந்து கூண்டு வரிசைக்கு முன்னால் நின்றேன். முயல்கார அம்மா வந்து என் முதுகைத் தடவிவிட்டார். என்னால் பாதியில் விட முடியவில்லை. நான் அவற்றைத் தூங்க வைத்தவள்.

எனக்கு வர ஆசை. எவ்வளவு என்று எந்த அளவிலும் எழுதத் தெரியவில்லை. ஆனால் வரும் ஜூனில் வர முடியாது, அதற்கு அடுத்த ஜூனில்தான். திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
டாக்டரம்மா


மார்ச் 3

என்னவருக்கு,

உங்களுக்கு மூச்சும் பேச்சும் சரியாக இருக்கிறதா? பதில் வரவில்லை. தபால் தாமதமோ என்று முதலில் இருந்தேன், இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. கோபமாக இருந்தால் கோபம் என்று ஒரு வரி போடுங்கள். மறுபடி தலை சுற்றுகிறதா? வேலையில் ஏணி ஏறுகிறீர்களா? அக்காவாவது எழுதச் சொல்லுங்கள்.

நேற்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன், அளவைக் குறிக்க மறந்துவிட்டேன். இத்தனை மாதத்தில் முதல் தடவை. பேராசிரியர் வீட்டுக்குப் போகச் சொன்னார். எந்த வீட்டுக்கு என்று கேட்க நினைத்தேன். சலவைக்கடை மாடிக்குத்தான் வந்தேன்.

உங்கள்
மனைவி


மார்ச் 24

தம்பிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும்,

இருவருக்கும் சேர்த்து ஒரே உறையில் எழுத வைத்ததற்கு முதலில் சந்தோஷம். "சேர்ந்துவிட்டேன். அவள் அழுகிறாள். சௌக்கியம்" என்ற உன் தந்தி வந்தது, தம்பி. தபால் ஆபீஸ்காரர் என்னிடம் கொடுக்கும்போது, நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் முழித்தார். இப்போது அழுகை நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

அம்மாடி, இவன் உனக்கு எல்லாம் சொல்லியிருக்க மாட்டான். என் பங்குக்கு நான் சொல்கிறேன். உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்று சட்டைகூடக் கழற்றாமல் படித்தான்.

"என்னடா எழுதியிருக்கா?"

"வர முடியாதாம்க்கா."

"சண்டையா?"

"சண்டை போட்டா பரவாயில்லே. நியாயமா எழுதியிருக்கா, அதான் என்ன செய்யறதுன்னு தெரியலே."

அதற்கப்புறம் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. டாக்டர் சொன்னபடி தினமும் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டுப் பழகினான். பிப்ரவரியில் ஸ்டோரை விட்டுவிட்டுப் பழையபடி மேலே ஏறினான். முதல் நாள் நான் கோர்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு, அவன் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு எதிரே போய் நின்றேன். அது அவனுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும். எண்ணெய்ச் சட்டையோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். நான் பஸ் பிடித்து அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, அந்தப் பெரிய பெட்டி எங்கே?" என்றான்.

"எதுக்கு?"

"அவளால வர முடியாதுன்னுதானே எழுதியிருக்கா. என்னால போக முடியாதுன்னு யாரும் எழுதலியே."

டிப்போவில் ஆறு மாதம் லீவுக்கு எழுதிக் கொடுத்து, அது கைக்கு வந்த பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்திருக்கிறான். "அவளுக்குச் சொல்லிட்டியா?" என்றேன். "சொன்னா வேண்டாம்னு பதில் போடுவா. அக்காவை யார் பார்த்துப்பாங்கன்னு கேப்பா. எங்கிட்ட அதுக்குப் பதில் இல்லே" என்றான். அத்தனை வாரமாக அவன் யோசித்துக்கொண்டிருந்தது என்னைப் பற்றித்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். "எனக்கென்னடா, கோர்ட்டு இருக்கு, வீடு இருக்கு, நான் நல்லாத்தான் இருப்பேன். நீ கவலைப்படாம போயிட்டு வா" என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. உன் மார்ச் மாதக் கடிதம் அவன் கிளம்பிப் போன மறுநாள் வந்தது. பிரித்துப் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள். படித்துவிட்டு, சரியான நேரத்தில்தான் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அவனிடம் சொன்னது பொய். கோர்ட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடு அப்படியே இருக்கிறது, காலையில் வைத்தது வைத்தபடி. திட்ட ஆளில்லை. பேசலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர்களோடு சமாதானம் செய்துகொண்டேன், அதுவும் போதவில்லை. நேற்று அலமாரியிலிருந்த உங்கள் துணிகளையெல்லாம் பிரித்து, ஒழுங்காகத்தான் இருந்தன, மறுபடி மடித்து வைத்தேன்.

உங்கள் வேலையைக் கெடுக்க இதை எழுதவில்லை. முடிக்க வேண்டியதை முடியுங்கள். ஆனால் நிதானமாக வாருங்கள் என்று எழுத என்னால் முடியாது. உங்கள் இரண்டு பேரையும் பார்த்து அந்தப் புத்தி எனக்கு வந்துவிட்டது. அதனால் வெட்கமில்லாமல் கேட்கிறேன். எப்போது வருகிறீர்கள்?

அக்கா